இருபத்து நான்கில் ஒரு பங்கு

மாதிரிக் கார் கட்டுதல் என்னும் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர், சாலையில் ஓடிய அல்லது பந்தயத்தில் கலந்துகொண்ட ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொண்டு, அதன் அளவுகள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பகுதிகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, கைக்கு அடக்கமான ஒரு பிரதியை உருவாக்குகிறார்கள். குழந்தைகள் தரையில் உருட்டி விளையாடும் பொம்மை ஏறத்தாழக் காரைப் போல இருந்தாலே போதும். மாதிரியோ, இன்ன ஆண்டில் இன்ன நிறுவனம் செய்த இன்ன கார் என்று பார்த்தவுடன் சொல்லும்படி இருந்தாக வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் சுருக்குவது வெறும் வகுத்தல் கணக்கு என்பதால், அந்த வேலையைத் தயாரிப்பு நிறுவனமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் வண்ணப் பூச்சின் தடிமன், உலோகத் துகள்களின் மினுக்கம், கண்ணாடியின் கனம், வெளிச்சம் விழும் விதம் ஆகியவை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. கட்டுபவரின் திறமை வெளிப்படுவது இவற்றைச் சமாளிக்கும் இடத்தில்தான்.

கார் மாதிரிகளில் மிகப் பரவலாக வழங்கும் விகிதம் 1/24. உண்மைக் காரின் ஓரடி மாதிரியில் அரை அங்குலமாக வருவதால், அடியும் அங்குலமும் வழங்கிய நாடுகளில் இது எளிதாக வேரூன்றியது. ஏறத்தாழ 429 சென்டிமீட்டர் நீளமுள்ள, 1970களின் போர்ஷே 911 கார் இந்த விகிதத்தில் 18 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாகவும், 1/12 விகிதத்தில் அதன் இரு மடங்காகவும், 1/43 விகிதத்தில் 10 சென்டிமீட்டராகவும் அமையும். 43 என்னும் விசித்திரமான எண் மாதிரி ரயில்களின் உலகிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஓரடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு ரயில் மாதிரிகளைச் செய்ததால், அவற்றின் அருகே நிறுத்தும் கார்களும் அதே அளவைத் தழுவ நேர்ந்தது. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் 1/25 விகிதத்தைப் பின்பற்றின. ஒரே காரை இரு விகிதங்களிலும் செய்தால் நீள வேறுபாடு ஏழு மில்லிமீட்டர் மட்டுமே என்றாலும், ஒன்றின் எஞ்சினை மற்றொன்றில் பொருத்த முயல்வோருக்கு அந்த ஏழு மில்லிமீட்டரே போதுமான தலைவலி.

இந்தப் பொழுதுபோக்கின் அமெரிக்கக் கிளை, கார் தொழிலின் நிழலிலேயே வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930இல் இளைஞர்களுக்காக ‘ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு’ என்ற போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்து அலங்காரக் குதிரை வண்டியின் மாதிரியைச் செய்யவேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனையாக இருந்தது. பின்னர், போட்டியாளரே மனத்தில் வடிவமைத்த ஒரு காரை மரத்திலோ வேறு பொருளிலோ செதுக்கி வண்ணம் பூசி அனுப்பும் பிரிவும் சேர்ந்தது. பரிசாகக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்த இந்தப் போட்டி 1968 வரை நடந்தது. 1947இல் அதில் வென்ற சார்லஸ் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். மற்றொரு புறம், புதிய கார்களை விற்கும் முகவர்கள் தம் கடைகளில் காட்டவும் வாடிக்கையாளரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் விரும்பிய சிறு கார்களை ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் செய்து கொடுத்தன. அந்த அச்சுகளைக் கொண்டே, வீட்டில் கட்டிக்கொள்ளும் பெட்டிகளை ஏ.எம்.டி. 1958இல் வெளியிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவம், உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றிய வடிவம், பந்தய வடிவம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கட்டுபவரே தேர்ந்தெடுக்கும்படி அவற்றில் பகுதிகள் இருந்தன.

ஜப்பானியக் கிளையின் வரலாறு வேறு. ஷிஸுவோகா நகரம் மரவேலைக்குப் பெயர் பெற்றது. அங்கு 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், முதலில் மரத்தாலான மாதிரிகளையும் 1960 முதல் பிளாஸ்டிக் மாதிரிகளையும் செய்யலாயிற்று. ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் பந்தயக் காரை 1967இல் 1/12 விகிதத்தில் வெளியிட்ட அந்நிறுவனம், 1976இல் போர்ஷே 911இன் பந்தய வடிவமான 934 காரின் மாதிரியைக் கொண்டுவருவதற்காக ஓர் உண்மையான போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தது. பொம்மைக்காகச் செய்த செலவு என்று கணக்குப் பிள்ளைகள் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் அந்த அக்கறையே ஜப்பானிய மாதிரிகளுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பைத் தேடித் தந்தது. அவோஷிமா, ஃபுஜிமி நிறுவனங்களும் ஷிஸுவோகாவைச் சேர்ந்தவையே. மே மாதம் அங்கு நடைபெறும் மாதிரிக் கண்காட்சிக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆர்வலர்கள் செல்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, தட்டையான சட்டங்களில் காய்போலத் தொங்கும் நூற்றுக்கணக்கான பகுதிகள். உருக்கிய பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்திக் குளிரவைத்து இவற்றை வார்க்கிறார்கள். பிளாஸ்டிக் ஓடிய வாய்க்கால்களே சட்டங்களாக நிற்கின்றன. அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வரம்பு எழும்பியிருக்கும். கூரையிலும் சக்கர வளைவுகளிலும் ஓடும் அந்த வரம்பைத் தேய்த்து எடுக்காவிட்டால் எத்தனை பூச்சுக்குப் பிறகும் அது காட்டிக்கொடுத்துவிடும். பகுதிகளைக் கையால் திருகிப் பிய்க்காமல், தட்டையான வாயுள்ள சிறு வெட்டுக்குறடால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் நீக்குவது வழக்கம். இவற்றை இணைக்கும் பசையும் சாதாரணப் பசை அன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, கரைந்த இரு பரப்புகளையும் ஒன்றாக இறுகச் செய்யும் கரைப்பான் அது. மிக நீர்த்த வகையைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால், இடுக்கின் வழியே தானாகவே ஊர்ந்து உள்ளே சென்றுவிடும். உடனடியாகப் பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசையின் ஆவி கண்ணாடிப் பகுதிகளில் வெண்படலமாகப் படிந்துவிடுவதால், அவற்றுக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையையே பயன்படுத்துகிறார்கள்.

காரின் வெளிக்கூடு ஆயத்தமாகும் முறை, மோட்டார் பட்டறைகளில் விபத்துக்குள்ளான காரைச் சீர்செய்யும் முறையேதான். பள்ளங்களில் பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் நீரூற்றித் தேய்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, அதில் தெரியும் குறைகளை மீண்டும் நிரப்பித் தேய்க்கிறார்கள். ஒரே சீரான சாம்பல் நிறம் குறைகளை ஒளிவுமறைவின்றிக் காட்டும் என்பதே இந்த அடிப்பூச்சின் முதற்பயன். சிவப்பு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்த கூட்டுக்கு வெள்ளை அடிக்க முனைவோர் மேலும் ஒரு தொல்லையை எதிர்கொள்கிறார்கள். பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சாயம் பூச்சின் கரைப்பானில் கரைந்து மேலேறி, வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடுவதால், இடையில் வெள்ளி நிறப் பூச்சு ஒன்றை அடித்து அதை முதலில் தடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வரும் வண்ணப் பூச்சில்தான் விகிதக் கணக்கு சிக்கலாகிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் காரின் மொத்தப் பூச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான் தடிமன் கொண்டது. அதை 1/24 விகிதத்தில் சுருக்கினால் நான்கு மைக்ரான்தான் வரும். கையால் அடிக்கும் எந்தப் பூச்சும் அவ்வளவு மெல்லியதாக அமைவது அரிது. மாதிரியின் மேல் அடிப்பூச்சும் வண்ணமும் மெருகுப் பூச்சும் சேர்ந்து 40 மைக்ரான் படிந்தால், அது உண்மைக் காரின் மேல் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசியதற்குச் சமம். கதவுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள நான்கு மில்லிமீட்டர் இடைவெளி மாதிரியில் 0.17 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடாக இருப்பதால், இருபுறமும் படியும் பூச்சு அதன் பாதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே அனுபவம் வாய்ந்தவர்கள் வண்ணம் அடிக்கும் முன்பே அந்தக் கோடுகளைக் கூர்முனைக் கருவியால் ஆழப்படுத்தி, இறுதியில் நீர்த்த கருஞ்சாயத்தை அவற்றுள் ஓடவிட்டு நிழலை வரவழைக்கிறார்கள்.

மினுக்க வண்ணங்களில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. காருக்கான மெட்டாலிக் வண்ணத்தில் உள்ள அலுமினியத் துகள் ஒன்று 30 மைக்ரான் என்று கொண்டால், மாதிரியின் மேல் அது முக்கால் மில்லிமீட்டர் துகள் போலத் தெரியும். பட்டறையில் மீந்த உண்மையான கார் பெயிண்டை மாதிரிக்கு அடித்தால் அது ஜிகினா தூவிய திருவிழாப் பொருளாகிவிடுவதற்குக் காரணம் இதுவே. மாதிரிகளுக்கென மிக நுண்ணிய துகள்களுடன் தனி வண்ணங்கள் விற்கப்படுகின்றன. நிறத்தின் அடர்த்தியையும் சிலர் மாற்றுகிறார்கள். அரை மீட்டர் தொலைவிலிருந்து 1/24 மாதிரியைப் பார்ப்பது, உண்மைக் காரைப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும்; அவ்வளவு தொலைவில் காற்றும் வெளிச்சமும் நிறத்தைச் சற்று மங்கச் செய்வதால், மாதிரிக்கும் சிறிது வெளிறிய நிறமே பொருந்தும் என்பது அவர்கள் வாதம். பளபளக்கும் சிவப்புப் பந்தயக் காரில் இந்த வாதம் அவ்வளவாக எடுபடவில்லை. ஆனால் டயருக்குத் தூய கறுப்பை விடக் கருஞ்சாம்பலே உண்மையாகத் தோன்றும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

மெல்லிய பூச்சுக்கு உரிய கருவி ஏர்பிரஷ். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று, 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையிலான துளையில் வண்ணத்தை உறிஞ்சி நுண்துளிகளாகத் தெளிக்கிறது. வண்ணம் பாலின் பதத்துக்கு நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தாலோ கருவியை அதிகம் தள்ளிப் பிடித்தாலோ, துளிகள் பரப்பைத் தொடும் முன்பே உலரத் தொடங்கி, ஒன்றோடொன்று கலந்து சமனாகாமல் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பை ஏற்படுத்தும். எனாமல், அக்ரிலிக், லாக்கர் என்ற மூவகை வண்ணங்களில் வெளிக்கூட்டுக்குப் பெரிதும் விரும்பப்படும் லாக்கர் விரைவில் உலர்ந்து நன்கு மெருகேறும் என்றாலும், சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஒரு குறும்பு செய்யும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து வெண்படலமாக உறைந்துவிடும். மழை நாளைத் தவிர்ப்பதும், மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்ப்பதும் இதற்கு மாற்று. லாக்கரின் ஆவி உடலுக்குத் தீங்கானது. அதைச் சாதாரணத் துணி முகக்கவசம் தடுக்காது என்பதால், கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் ஆவியை வெளியேற்றும் விசிறியும் வேண்டும். மாதிரிப் பெட்டிக்குத் தாராளமாகச் செலவிடுவோர் இதில் மட்டும் சிக்கனம் பார்ப்பது வியப்புக்குரியது.

உலர்ந்த பூச்சைப் படிப்படியாக நுண்மையாகும் தாள்களால் தேய்த்து மெருகேற்றும்போது, மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு முதலில் கரைந்து பிளாஸ்டிக் வெளிப்பட்டுவிடும் அபாயம் உண்டு. எனவே மேட்டுப் பகுதிகளைத் தொடாமல் விட்டு, அகன்ற பரப்புகளை மட்டுமே தேய்க்கிறார்கள். ஜன்னல்களைச் சுற்றியுள்ள குரோமியப் பட்டைக்கு வண்ணத்தை நம்பாமல், பசை தடவிய மிக மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, குச்சியால் நீவி, ஓரங்களைப் புதிய கத்தி அலகால் அறுக்கிறார்கள். பந்தயக் கார்களின் எண்களும் விளம்பரங்களும் நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் படங்களாக வருகின்றன. பெட்டியோடு வரும் ஜன்னல் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர் என்று ஆகும். சாதாரணக் குடும்பக் காரை ஜனாதிபதியின் குண்டு துளைக்காத வாகனமாக்கும் அந்தத் தடிமனை விரும்பாதோர், மெல்லிய ஒளிபுகு தாளை வெட்டிப் பொருத்துகிறார்கள்.

வெளிச்சத்தின் சிக்கலை மிக நேர்த்தியாகத் தீர்த்தவர் அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித். எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரைப் படைத்த அவர், 1/24 விகிதக் கார்களையும் தாமே செய்த கட்டடங்களையும் திறந்தவெளியில் ஒரு மேசை மேல் வைத்து, பின்னால் தொலைவில் உள்ள உண்மையான மரங்களும் வீடுகளும் அளவில் பொருந்தும்படி கேமராவை நிறுத்தினார். சூரியனைச் சுருக்க வேண்டிய தேவை அங்கே இல்லாமற்போயிற்று. நின்றுகொண்டிருப்பவரின் கண்மட்டம் 1/24 விகிதத்தில் ஆறேழு சென்டிமீட்டர் உயரமே என்பதால், கேமராவை அந்த உயரத்துக்கு இறக்குவதும் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி அருகும் தொலைவும் ஒருங்கே தெளிவாகத் தெரியச் செய்வதும் இவ்வகைப் படங்களுக்கு இன்றியமையாதவை.

கட்டாமல் அடுக்கிவைத்த பழைய பெட்டிகளை விலைக்கு வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மென்மையான வினைல் டயர்களுக்கு நெகிழ்ச்சி தரும் வேதிப்பொருள் காலப்போக்கில் கசிந்து, டயரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடுகிறது. டயர் கண்ணாடிப் பகுதியின் மேல் கிடந்திருந்தால் அதைச் சீர்செய்வது கடினம். நீரில் நனைத்து ஒட்டும் படங்களின் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளேறியிருந்தால் ஜன்னலோரம் வெயிலில் சில நாள் வைத்து ஓரளவு வெளுக்கச் செய்யலாம். டயர்களால் வரும் சேதத்தைத் தவிர்க்க, பெட்டி எத்தனை ஆண்டு கழித்துக் கட்டப்படுவதாக இருந்தாலும், வாங்கிய அன்றே திறந்து டயர்களைத் தனிப் பையில் இட்டு வைப்பதை ஆர்வலர்கள் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.