நீர்மேல் இல்லறம்

இல்லம் என்றால் நிலத்தில் ஊன்றி நிற்பது என்பர். இங்கிலாந்தின் கால்வாய்களிலோ அது மிதந்து செல்கின்றது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கு வெட்டப்பெற்ற கால்வாய்கள் பலவற்றின் மதகுகள் ஏறக்குறைய 7 அடி அகலமே உடையன. அவற்றுள் நுழைதற்கேற்ப, 70 அடி வரை நீண்டும் 7 அடிக்குள் ஒடுங்கியும் சரக்குப் படகுகள் அமைந்தன.

19ஆம் நூற்றாண்டில் புகையிரதம் போட்டிக்கு வந்து வருவாய் குறையவே, படகோட்டிகள் பலர் கரையிலிருந்த வீட்டைக் கைவிட்டு, மனைவி மக்களுடன் படகின் பின்புறத்துச் சிற்றறையிற் குடிபுகுந்தனர். அதன் நீளம் 10 அடியளவே. அடுப்பும் படுக்கையும் அதனுள்ளேதான். நாளுக்கொரு துறை காணும் பிள்ளைக்குப் பள்ளி ஏது? 1877இல் இயற்றப்பெற்ற கால்வாய்ப் படகுச் சட்டம் அப்பிள்ளைகளின் கல்வியையும் கருதிற்று. ஆயினும் ஓடும் படகைச் சட்டம் எட்டிப்பிடித்தல் எளிதன்று.

சரக்கேற்றுதல் அருகிவிட்ட இந்நாளில், நீர்வாழ்வை விரும்பியும் வீட்டு வாடகைக்கு அஞ்சியும் பலர் இத்தகைய படகுகளிற் குடியேறுகின்றனர். நிலையான துறை இல்லாதார், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓரிடத்திற் பொதுவாக 14 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது. தனியர்க்கு அந்நகர்வு இன்பமாகலாம். பிள்ளையுடையார்க்கோ பழைய வினாவே மீண்டும் எழுகின்றது. 7 அடி அகலத்தில் இல்லறம் நடத்தலாம். ஆனால், படகு எங்கு நின்றாலும், விடிந்ததும் பிள்ளை சென்று சேரும் தொலைவில் அதன் பள்ளி இருத்தல் வேண்டுமன்றோ?