கீபோர்டும் திருவழிபாடும்



ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டு வந்தபின் பெரியவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: “சாமி, இந்த மின்கருவி திருப்பலிக்குத் தகுமா?” மின்சாரம் பிறக்கும் நெய்வேலிப் பகுதியில் இந்தக் கேள்வி எழுவது வேடிக்கைதான். ஆனாலும் நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘ஜாய் எலக்ட்ரிக்’ என்றொரு கிறிஸ்தவ இசைக்குழு இருந்தது. ரோனி மார்ட்டின் என்பவர் ஏறக்குறைய தனியாளாக நடத்தியது. கத்தோலிக்கர் அல்லர், ஆயினும் அவரிடம் நாம் கற்க இடமுண்டு. 1994இல் ‘மெலடி’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. கித்தார் இல்லை, முரசு இல்லை. பழைய வகை சின்தசைசர் மட்டுமே. நம் கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடும். அவரோ மின்னதிர்வை எழுப்பி, வேண்டாததை வடிகட்டி, முரசொலியைக்கூடத் தாமே உருவாக்கினார். கேட்டால் பொம்மைக் கருவியின் ஓசைபோல இருக்கும். எல்லார் காதுக்கும் பிடிக்காது. 2012 வரை இசைத்தொகுப்புகள் வந்தன. ஒஹாயோ மாநிலத்து ஆஷ்லண்டில் சபைப் போதகராகவும் ஆனார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனை உயர்த்திப் பேசுகிறது. பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்து வைக்கிறது: அவை வழிபாட்டுக்குப் பொருந்த வேண்டும், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும், நம்பிக்கை வளர உதவ வேண்டும். மின்சாரத்துக்குத் தடையில்லை. சினிமாத் தாளம்தான் நம்மை உறுத்துகிறது.

பாடகர் குழுப் பிள்ளைகளே, இந்த ஞாயிறு நற்கருணைப் பாடலுக்கு மட்டும் அந்தத் தாளப் பொத்தானைத் தொடாமல் வாசித்துப் பாருங்கள்.