நூறு மீட்டர் தொலைவில் ஒரு நீலத் திமிங்கிலம்

கோடை விடுமுறையில் திருகோணமலை: பறவைகள், பேருயிர்கள், பயணக் குறிப்புகள்

ஜூன் பிறந்துவிட்டால் மும்பையின் கடல் நமக்குச் சொந்தமில்லை. தாதர் சௌப்பாட்டியின் சுவரில் அலை மோதித் தெறிக்கும். வர்ளியிலும் மாஹிமிலும் கோலி மீனவர்கள் படகுகளைக் கரையேற்றி வலைகளைச் செப்பனிடத் தொடங்கிவிடுவர். ஆனால் நம் கடற்கரையைக் கொந்தளிக்கச் செய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, இலங்கையின் நடு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குக் கரைக்கு வறண்ட காற்றாக இறங்குகிறது. அங்கே அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் காலை வேளைகளில் குளம்போல் கிடக்கும். இந்தக் காற்றுக்கு உள்ளூர்த் தமிழர் இட்ட பெயர் கச்சான். கச்சான் வீசும் மாதங்களே திருகோணமலையில் திமிங்கிலம் காணும் மாதங்கள்.

கோடையில் பறவைகளையும் திமிங்கிலங்களையும் ஒருசேரக் காண விரும்புவோர் பெரும்பாலும் ஐஸ்லாந்தையே நாடுகின்றனர். பஃபின் பறவைகள் கூடு கட்டும் பாறைகளும், ஹூசாவிக் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுகளும் உலகப் புகழ் பெற்றவை. அத்தகைய பயணத்துக்கு வேண்டிய பொருளும் குளிராடையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ் பேசும் படகோட்டியுடன், காலைச் சிற்றுண்டிக்கு இடியப்பமும் சொதியும் கிடைக்கும் ஊரில், அதற்கு இணையான காட்சி நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது.

கரைக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கு

பெருந்திமிங்கிலங்கள் ஆழ்கடல் வாழ்வன. உலகின் பல இடங்களில் அவற்றைக் காணக் கரையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டும். திருகோணமலையில் அவ்வாறில்லை. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு மாபெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆழ்கடலை நோக்கிச் சரிகிறது. துறைமுக வாயிலைக் கடந்த சிறிது நேரத்திலேயே படகின் கீழ் பல நூறு மீட்டர் ஆழம் இருக்கும். கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையின் உச்சியில் நின்றபடியே திமிங்கிலத்தின் மூச்சுத் தாரையைக் கண்டோர் பலர்.

இக்கடலில் முதன்மையாகக் காணத்தக்கவை இரண்டு. ஒன்று நீலத் திமிங்கிலம். பூமியில் இதுவரை வாழ்ந்ததாக நாம் அறிந்த விலங்குகளில் இதுவே மிகப் பெரியது. துருவக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் 30 மீட்டரை எட்டும். வட இந்தியப் பெருங்கடலில் வாழ்பவை அவற்றினும் சற்றே சிறியவை. மற்றொன்று ஸ்பெர்ம் திமிங்கிலம். கணவாய்களைத் தேடி ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி, முக்கால் மணி நேரம் வரை மூச்சடக்கும் வேட்டை விலங்கு அது. கடற்பரப்பில் இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நெட்டுயரமாக, பனைமரம்போல் நேரே எழும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சு தாழ்வாக, முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து வெளிப்படும். இவற்றுக்கு முன்னதாகவே படகைச் சூழ்ந்து துள்ளிச் சுழலும் ஓங்கில் கூட்டங்களைக் காணலாம்.

போருக்கு முன்னும் பின்னும்

திருகோணமலையின் திமிங்கிலங்களை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1979-இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. வேட்டையாடாமல், உயிருடனேயே திமிங்கிலங்களை ஆராயும் நோக்குடன் ‘துலிப்’ என்னும் சிறு பாய்மரப் படகு 1982 முதல் 1984 வரை இப்பகுதியில் சுற்றியது. நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் ‘டிக் டிக்’ ஒலியைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், திருகோணமலைக்கு அருகே நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுவதையும் பதிவு செய்தனர்.

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 1983-இல், இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் இக்கடல் கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. மீனவருக்கே தடைகள் நிறைந்திருந்த கடலில் சுற்றுலாவுக்கு ஏது இடம்? இடைப்பட்ட காலத்தில் தெற்கே மிரிசை என்னும் ஊர் திமிங்கிலம் காணும் தொழிலில் முந்திக்கொண்டது. 2009 மே மாதம் போர் முடிந்தபின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் விடுதிகள் மீண்டும் திறக்கப்பட்டன. மீனவர் சிலர் தம் கண்ணாடியிழைப் படகுகளில் பயணிகளை ஏற்றத் தொடங்கினர். இன்று நீங்கள் தரும் படகுக் கட்டணம் பல வேளைகளில் நேரே ஒரு மீனவக் குடும்பத்தின் கையைச் சேருகிறது.

திமிங்கிலங்கள் வெப்பக் கடலில் ஈன்று, குளிர்க் கடலில் உண்பவை என்பதே நெடுநாள் கருத்து. இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் 2003-இல், தெற்குக் கரைக்கு அப்பால் ஒரு நீலத் திமிங்கிலத்தின் செந்நிறக் கழிவு நீரில் மிதப்பதைக் கண்டார். கழிவு இருப்பின் அங்கே உணவும் இருந்தாக வேண்டும். அந்த எளிய தருக்கம் அவரை நீண்ட ஆய்வுக்கு இட்டுச் சென்றது. இங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் துருவங்களை நாடாமல் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்பவை. இவற்றுக்கு வேறு கடல் இல்லை என்பதே இதன் பொருள்.

புறாத்தீவும் தாதர்ப் புறாக்களும்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் இரு சிறு பாறைத் தீவுகள் உள்ளன. பெரியதும் சிறியதுமான அவ்விரண்டும் சேர்ந்ததே புறாத்தீவு. பிரித்தானியர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்த இவ்விடம் 1963-இல் சரணாலயமாகவும், 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகளும், கருநுனித் துடுப்புச் சுறாக்களும், கடலாமைகளும் இதன் புகழுக்குக் காரணம். பெயருக்குக் காரணமோ, பாறை வெடிப்புகளில் கூடு கட்டும் மாடப்புறாக்கள்.

தாதர் ரயில் நிலையத்தை அடுத்த கபூத்தர்கானாவை அறியாத மும்பைவாசி இரார். அது பற்றி 2025-இல் எழுந்த வழக்கும் வாதமும் நாம் அறிந்தவையே. தானியத்துக்காக அங்கே மொய்த்த புறாக்களும் புறாத்தீவின் புறாக்களும் ஒரே இனம். கடற்பாறையில் வாழ்ந்த மாடப்புறாவை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கினான். பழகியவற்றில் தப்பியவையே நகரங்களின் மாடங்களைக் கடற்பாறையாகக் கொண்டன. இலங்கையில் காட்டு மாடப்புறாக்கள் கடலோரப் பாறைகள் சிலவற்றில் மட்டுமே எஞ்சியுள்ளன. மனிதக் கை தானியம் இடாத இடத்தில், அலையோசைக்கு நடுவே, அவை அஞ்சிப் பறந்து பாறை மறைவில் ஒடுங்குவதைக் காணும்போது, நமக்கு மிகப் பழகிய பறவையே புதிதாகத் தோன்றும். தீவைச் சுற்றி ஆலாக்களும், செம்பருந்தும், வெண்வயிற்றுக் கடற்கழுகும் வட்டமிடும்.

உள்நாட்டுப் பறவைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குவது நன்று. கன்னியா வெந்நீர் ஊற்றுகளை அடுத்த புதர்க்காடுகளிலும், கொழும்புச் சாலையிலுள்ள கந்தளாய்க் குளத்தின் ஓரங்களிலும் விடியற்காலையில் நடக்கலாம். இலங்கைக்கே உரிய காட்டுக்கோழியும் சாம்பல் இருவாச்சியும் இந்த வறண்ட பகுதிக் காடுகளில் வாழ்பவை. கோடையில் நீர் வற்றும் குளங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் ஆகியவை கூடும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வலசை வரும் பறவைகள் கோடையில் அங்கு இரா. அவற்றுள் ஒன்று ஆறுமணிக்குருவி. குளிர்காலம் முழுவதும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும் அது, மழை தொடங்கும் வேளையில் வடக்கு நோக்கி வந்து, மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா உள்ளிட்ட காடுகளில் கூடு கட்டும். மராத்தியர் அதை ‘நவரங்’ என்பர். நாம் திருகோணமலைக்குச் செல்லும் பருவத்தில் அது நம் ஊருக்கு வந்திருக்கும்.

தொலைவே மரியாதை

இப்பயணத்தில் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆழத்திலிருந்து மேலே வரும் ஸ்பெர்ம் திமிங்கிலம் பத்து நிமிடம் அளவில் மேற்பரப்பில் கிடந்து, அடுத்தடுத்து மூச்சு விடும். செலவழிந்த உயிர்வளியை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் நேரம் அது. படகொன்று விரைந்து நெருங்கினால் மூச்சு நிறையும் முன்பே அது மூழ்க நேரிடும். அடுத்த வேட்டை குறுகும், உணவும் குறையும். நாளொன்றுக்கு ஒரு படகு என்றால் தாங்கிக்கொள்ளும். பத்துப் படகுகள் நாள்தோறும் துரத்தினால்? தெற்குக் கரையில் படகுகள் பெருகியபோது எழுந்த கவலை இதுவே. 2012-இல் இலங்கை வகுத்த விதிகளின்படி, திமிங்கிலத்துக்கும் படகுக்கும் இடையே 100 மீட்டர் இருத்தல் வேண்டும்.

விதியை நடுக்கடலில் யார் அளப்பது? பெரும்பாலும் பயணிதான். “இன்னும் கிட்டப் போங்கள் அண்ணா” என்று கைப்பேசியை உயர்த்திக் கேட்பவரும் பயணியே. “இங்கேயே நிறுத்துங்கள், போதும்” என்று சொல்லக்கூடியவரும் அவரே. கூடுதல் பணம் கிட்டும் என்ற எண்ணமே படகோட்டியைத் துரத்த வைக்கிறது. நின்று காத்திருந்ததற்காகவும் நன்றியும் பணமும் கிட்டும் என்று அவர் அறிந்தால் துரத்தலுக்குத் தேவையே இராது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தெய்வேந்திர முனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிக்க கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. அதில் மோதுண்டு இறந்த திமிங்கிலங்கள் பல. 2022-இல் எம்.எஸ்.சி. என்னும் சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிச் செல்லப் பணித்தது. கப்பல் தள்ளிப் போக இயலுமெனில், படகும் தள்ளி நிற்க இயலும்.

முன்பணம் தருமுன் படகோட்டியிடம் கேட்க வேண்டியவை:

• திமிங்கிலத்திலிருந்து எவ்வளவு தொலைவில் படகை நிறுத்துவீர்கள்?
• முன்னே செல்லாமல் பக்கவாட்டில், மெதுவாக அணுகுவீர்களா?
• வேறு படகுகள் சூழ்ந்திருந்தால் விலகிக் காத்திருப்பீர்களா?
• ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா?
• திமிங்கிலம் தென்படாவிடில் கட்டணம் என்னாகும்?

புறாத்தீவிலும் இதே நெறிதான். பவளம் பாறையன்று, உயிர். அதன்மேல் கால் வைத்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கும். மிதந்தபடி காண்க, எதையும் எடுத்து வராதீர்.

செல்லும் வழியும் செலவும்

மும்பையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானங்கள் உள்ளன. கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் திருகோணமலை. விடுமுறைக்குத் தாதரிலிருந்து ரயிலேறித் தமிழகம் செல்வோர்க்கு மற்றொரு வழியும் உண்டு: நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. வானிலையைப் பொறுத்து இடைநிறுத்தப்படும் சேவை என்பதால் தேதியை முன்கூட்டியே உறுதி செய்க. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், வவுனியா வழியே திருகோணமலையை அடையலாம். இந்தியர்க்கான நுழைவு அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் இலங்கைக் குடிவரவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று குறிப்புகள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் தொடக்கத்தில் உள்நாட்டில் மட்டுமே செயல்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கி, வரம்பையும் குறிக்க வேண்டும். விமான நிலையத்தில் நின்று இதைச் செய்யாமல் வீட்டிலேயே செய்து முடிப்பது நலம். இரண்டாவதாக, 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யு.பி.ஐ. வழிப் பணம் செலுத்தும் வசதி உண்டு. எனினும் எல்லாக் கடைகளிலும் அது இராது. மூன்றாவதாக, படகோட்டிக்கும் சிற்றுண்டிச் சாலைக்கும் இலங்கை ரூபாய் நோட்டுகளே உதவும். சில்லறையாக வைத்திருங்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம். கடலுக்கு இரு காலைகளையேனும் ஒதுக்குக. ஒரு நாள் வெறுங்கையுடன் திரும்ப நேரலாம். படகுகள் ஆறு மணியளவில் புறப்படும். முற்பகலில் காற்று எழுமுன் கரை திரும்புவது வழக்கம். தொப்பி, குடிநீர், இருநோக்கி, கடற்குமட்டலுக்கு மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரை ஆகியன போதும்.

திமிங்கிலம் தென்பட்டதும் இயந்திரத்தின் ஒலி அடங்கட்டும். அலை படகைத் தாலாட்டும் அமைதியில், தொலைவில் நீர்த்தாரை எழுந்து, ஒரு கணம் கழித்து அதன் ஓசை நம்மை வந்தடையும். நீண்ட முதுகு உருண்டு மறையும். ஈற்றில் வால் மட்டும் நிமிர்ந்து நின்று, சொட்டும் நீருடன் அமிழும். அப்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். கரையிறங்கியதும் படகோட்டியிடம் கட்டணத்தோடு ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுங்கள்: “தள்ளி நின்று காட்டினீர்களே, அதற்காகவே நன்றி.” அடுத்த பயணியை அவர் எத்தொலைவில் நிறுத்துவார் என்பதை அச்சொல் தீர்மானிக்கக்கூடும்.