நாவுக்கும் ஒரு பரீட்சை

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் ஞாயிறு இதழில் பியரைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்களுட் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். அதனை அருந்துமாறு எவரையும் அழைப்பது நம் நோக்கமன்று. நம் நாட்டில் 21 வயது நிரம்பாதவர்க்கு மதுவகை எதனையும் விற்றலாகாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மாணவர்கள் இதனை அறிவர், அறியாதார் இப்பொழுது அறிந்துகொள்வாராக. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒருவர் ஒரு பானத்தைச் சுவைத்துப் பார்த்து, “இது நன்று, இதற்கு ஐம்பதுக்கு நாற்பது புள்ளி” என்கிறார். அந்த நாற்பதை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்வினாவை மேல்நாட்டுப் பியர் காய்ச்சுவோர் நூறாண்டுக்கு மேலாக விடாது கேட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளுள் ஒன்று, இன்று பல்கலைக்கழகங்களிற் புள்ளிவிபரவியல் பயிலும் ஒவ்வொருவரும் படித்தே தீரவேண்டிய பாடமாகிவிட்டது.

முளைகட்டிய பார்லியை உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்பு நீரை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்த்து நொதிக்கவிட்டு எடுப்பதே பியர். பார்லி நிறத்தையும் இனிப்பையும் தருகின்றது. ஹொப்ஸ் கைப்பையும் மணத்தையும் தருகின்றது. அற்ககோலும் நுரையெழுப்பும் வாயுவும் மதுவத்தின் வேலை. தானியத்தை நொதிக்கவைக்கும் இவ்வித்தை மேல்நாட்டாரின் தனியுடைமையன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, நெல்முளை கூட்டி, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து மதுவாக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகக் கூறியுள்ளார். ஹொப்ஸ் இல்லையே தவிர, இனத்தால் அதுவும் பியரே. வகுப்பில் அவ்வடிகளைத் தமிழாசிரியர்கள் சற்று விரைவாகவே கடந்துவிடுவது வழக்கம்.

சுவைத்துப் புள்ளியிடும் வழக்கம் பெருகியது சென்ற அரை நூற்றாண்டில். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூற்றுக்கும் குறைவான பியர் ஆலைகளே எஞ்சியிருந்தன. அவையும் பெரும்பாலும் ஒரே மாதிரியான வெளிறிய, மென்மையான பானத்தையே பீப்பாய் பீப்பாயாக நிரப்பிக்கொண்டிருந்தன. இதற்கு எதிராகச் சிலர் கிளம்பினர். பிரிட்ஸ் மேய்டக் என்னும் இளைஞர், மூடப்படவிருந்த சான்பிரான்சிஸ்கோ நகரத்து ஆலையொன்றில் 1965ஆம் ஆண்டு பெரும்பங்கை வாங்கிப் பழைய முறைகளுக்கு உயிரூட்டினார். 1976இல் ஜக் மக்கோலிவ் என்பவர் கலிபோர்னியாவின் சொனோமா என்னுமிடத்தில் ஒரு சிற்றாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மூடுண்டபோதிலும், அதன் வழியைப் பின்பற்றியோர் பலர். 2020களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பியர் ஆலைகளின் தொகை 9,000ஐக் கடந்துவிட்டது. சிறு அளவில், காய்ச்சுவோரின் கைத்திறனும் கற்பனையும் தோன்ற ஆக்கப்படும் இவ்வகையைக் கைவினைப் பியர் என்று அழைக்கலாம்.

கரியது, வெளிறியது, புளிப்பது, தோடம்பழத் தோல் மணப்பது, கோப்பி மணப்பது என்று ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தபோது, எது நல்லது எனச் சொல்லுவோர்க்கும் தேவை ஏற்பட்டது. மைக்கல் ஜக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் (பாடகரல்லர், 1942 முதல் 2007 வரை வாழ்ந்த வேறொருவர்) 1977இல் உலகப் பியர்களை இனம் இனமாகப் பிரித்து ஒரு பெருநூல் எழுதினார். நுவரெலியாவில் அந்நாளிற் காய்ச்சப்பட்ட கரிய பியர் ஒன்றையும் புகழ்ந்தெழுதி, மேல்நாடுகளில் அதற்குப் பெயர் தேடிக்கொடுத்தவர் இவரே. அதன் பெயரை இங்கு எழுதினால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறோம்.

புள்ளி என்பது வெறும் விளையாட்டன்று. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிற்றாலைக்காரர் ஒருவரின் சரக்கு கடைத்தட்டில் ஏறுவதும் ஏறாததும் பெரும்பாலும் பிறர் இடும் புள்ளியிலேயே தங்கியிருக்கிறது. பெல்ஜிய நாட்டு வெஸ்ட்விளெற்றெரன் என்னும் சிற்றூரின் கதை இதற்கு நல்ல சாட்சி. அங்கே 1831இல் நிறுவப்பட்ட புனித சிக்ஸ்ரஸ் மடத்துத் துறவிகள், தங்கள் மடத்தின் செலவுக்கு வேண்டிய அளவு மாத்திரம் பியர் காய்ச்சி, மடத்து வாயிலில் விற்று வந்தனர். நெடுங்காலம் அவர்களுடைய போத்தல்களில் ஒட்டுச்சீட்டுக்கூட இருந்ததில்லை. மூடியின் நிறத்தைக் கொண்டே இனம் அறியவேண்டும். 2005ஆம் ஆண்டளவில், இணையத்தளம் ஒன்றிற் புள்ளியிட்ட பியர்ப் பிரியர்கள் இம்மடத்துக் கரிய பியரை உலகிலேயே சிறந்ததென முதலிடத்தில் வைத்துவிட்டனர். மறுகணமே மோட்டார் வண்டிகள் மடத்தை நோக்கி வரிசைகட்டின. வேறொருவராயின் ஆலையைப் பத்து மடங்கு பெருப்பித்திருப்பர். துறவிகளோ அளவைக் கூட்டவில்லை. முன்கூட்டித் தொலைபேசியிற் பதிந்தவர்க்கே விற்பனை என்று விதியை இறுக்கினர். மடத்துக் கட்டடத் திருத்த வேலைக்குப் பணம் தேவைப்பட்டபோது மாத்திரம், 2012இல் ஒருமுறை வெளிநாடுகளுக்கு அனுப்பினர். அந்தப் பியர் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் நூறு மைல் வண்டியோட்டிச் சென்று, காத்து நின்று, இரண்டு பெட்டிக்கு மேல் கிடையாது என்று கேட்டு வாங்கிவந்த ஒரு பொருளுக்குக் குறைந்த புள்ளி இட எத்தனை பேருக்கு மனம் வரும்?

இணையத்திற் புள்ளியிடுவோரை விட்டு, முறையாகப் பயின்ற நடுவர்களிடம் வருவோம். 1985 முதல் அமெரிக்காவில் இவர்களுக்கென ஒரு பரீட்சைத் திட்டம் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் தாளில் மொத்தம் ஐம்பது புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கண்ணுக்கு மூன்றே புள்ளி ஒதுக்கியவர்களின் மதிநுட்பத்தை நாம் மெச்சாதிருக்க முடியாது. அது ஏன் என்பது பின்னர் விளங்கும். கிண்ணத்தில் ஊற்றியவுடன் முதலில் மோந்து பார்ப்பர், சில மணங்கள் கணத்தில் மறைந்துவிடுமாதலால். மென்மையானவை முன்னும் கடுமையானவை பின்னுமாக வரிசைப்படுத்துவர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் தண்ணீரும் வெறும் பாணும். வாசனைத்தைலம் பூசிக்கொண்டு வருவோர்க்கு அங்கே வரவேற்பில்லை. நம் கொழும்புத் தேயிலைச் சுவைஞர்கள் உறிஞ்சித் துப்பிவிடுவர். பியர் நடுவரோ, விழுங்கியபின் நிற்கும் கைப்பையும் அளக்கவேண்டியிருப்பதால், சிறிதளவேனும் விழுங்கவே செய்வர்.

அவர்களுடைய திறமையைக் குறைத்து எண்ணலாகாது. கண்ணாடிப் போத்தலிற் சூரிய ஒளி பட்டால், ஹொப்ஸின் கைப்புப் பொருள் சிதைந்து கந்தகம் சேர்ந்த துர்நாற்றப் பொருளொன்று பிறக்கும். கபில நிறப் போத்தல் வழக்கத்துக்கு வந்த காரணம் இதுவே. பழையதாகி ஒட்சிசனாற் கெட்ட பியர் நனைந்த காகித அட்டை போல மணக்கும். அம்மணத்தைத் தரும் பொருள் நூறு கோடியில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலும் பயின்ற மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுதற்ற பியரில் இப்பொருள்களை ஒவ்வொன்றாக அணுவளவு கலந்து, மோந்து மோந்து மனத்திற் பதியவைப்பதே அவர்களுடைய பயிற்சி. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கராம்பு மணம் பெரும்பாலான பியர்களில் குற்றம். கெட்ட மதுவம் புகுந்ததன் அடையாளம். ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக் கோதுமைப் பியரிலோ அதே கராம்பு மணமும், அதனோடு வாழைப்பழ மணமும் இல்லையென்றால் நடுவர் புள்ளியைக் குறைப்பர். ஆகவே பியரை இனமறிந்தே மதிப்பிடவேண்டும். வெண்பாவுக்குரிய இலக்கணத்தைக் கொண்டு விருத்தத்தைத் திருத்தினால் யார் ஒப்புவர்?

இத்தனை பயிற்சிக்குப் பின்னும் நாக்கை முற்றாக நம்பலாமா? அங்கேதான் சங்கடம். 1964இல் அலிசன், ஊல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பியர் அருந்தும் வழக்கமுடைய 326 பேருக்கு ஒட்டுச்சீட்டு நீக்கிய போத்தல்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். “என் பியரை ஆயிரத்தில் இனங்காண்பேன்” என்று மார்தட்டும் வகையினர்தாம் இவர்கள். பொதுவாக நோக்குமிடத்து, அவர்களால் ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்தறிய இயலவில்லை. பின்னர் ஒட்டுச்சீட்டோடு கொடுத்தபோது, தத்தம் வழக்கமான பியருக்குப் புள்ளிகளை வாரி வழங்கினர். நாக்கு சுவைத்தது பானத்தை. கண் சுவைத்தது பெயரை.

இவர்கள் சாதாரண மக்கள் எனலாம். நிபுணர் நிலை எவ்வாறு? ரொபேட் ஹொட்ஜ்சன் என்பவர் கலிபோர்னியாவின் திராட்சை மதுப் போட்டியொன்றில், ஒரே போத்தலிலிருந்து மூன்று கிண்ணங்களை ஊற்றி, மற்றவற்றோடு கலந்து, நடுவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் முன் வைக்கச் செய்தார். 2008இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒத்த புள்ளி வழங்கியவர் பத்தில் ஒருவரே. திராட்சை மதுவின் கதைதானே என்று பியர் நடுவர்கள் மகிழ்வதற்கில்லை. நாக்கு இருவர்க்கும் ஒன்றே. விடைத்தாள் திருத்தும் நம்மவர்க்கும் இது வியப்பளிக்காது. ஆறு மோசமான கட்டுரைகளுக்குப் பின் வரும் சுமாரான ஏழாவது கட்டுரை கம்பசித்திரமாகத் தோன்றுவதை எந்த ஆசிரியர் அறியார்? பொதுப் பரீட்சைகளிற் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இடுவதன் பயன் இங்கே விளங்கும்.

பியர் காய்ச்சுவோர் கண்ட வழியும் ஏறத்தாழ அதுவே. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 1940களில் முக்கோணச் சோதனை என்ற ஒன்றை வகுத்தனர். மூன்று கிண்ணங்கள், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானது எது என்பதே வினா. நன்றா, தீதா என்று கேட்பதில்லை. கிண்ணங்களுக்கு முதலாவது, இரண்டாவது என்று பெயரிட்டால் மனம் ஒருபக்கம் சாயுமென்று, பொருளற்ற மூவிலக்க எண்களை இடுவர். நிறம் காட்டிக்கொடுக்காதிருக்கச் செந்நிற விளக்கொளியிற் சோதிப்பதும் உண்டு. ஒன்றும் அறியாதவரும் குருட்டாம்போக்கில் மூன்றிலொரு முறை சரியாகச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆம்; அதனையும் கணக்கிலெடுக்கலாம். பத்துப் பேரைச் சோதித்தால், ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ தற்செயலாகச் சரியாகச் சொல்லுதற்குரிய நிகழ்தகவு நூற்றுக்கு இரண்டு மாத்திரமே. ஆகவே ஏழுபேர் சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையிலேயே உண்டெனக் கொள்ளலாம்.

இக்கணக்கின் பின்னாலும் ஒரு பியர் ஆலை நிற்கிறது. ஒக்ஸ்போட்டில் இரசாயனவியலும் கணிதமும் பயின்ற வில்லியம் சீலி கொசெற் 1899இல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியும் ஹொப்ஸும் தரமானவையா எனச் சோதிக்கக் கிடைப்பவை நான்கைந்து மாதிரிகளே. அக்காலக் கணித முறைகளோ நூற்றுக்கணக்கான மாதிரிகளை வேண்டின. சில மாதிரிகளைக் கொண்டே எவ்வளவு துணிந்து முடிவு கூறலாம் என்பதற்கு அவர் வழி கண்டு, 1908இல் வெளியிட்டார். ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிட ஆலையார் அனுமதிப்பதில்லை. ஆகவே ‘மாணவன்’ என்று பொருள்படும் புனைபெயரை இட்டுக்கொண்டார். உலகப் பல்கலைக்கழகங்கள் எங்கும் மாணவனின் ரி-சோதனை என்று வழங்குவது இதுவே. மருந்துகளையும் பசளைகளையும் சோதிப்போர் இன்றும் அதனை நாடுகின்றனர்; அது பியர் ஆலையில் பிறந்தது என்பதை அவர்களிற் பலர் அறியார்.

சுவைக்கும் வாய்களை நோக்குவோமாயின், பெரிய ஆலையின் வெளிறிய மென்பியரை ஏளனம் செய்வது கைவினைப் பியர்ப் பிரியர்களின் நாகரிகமாகவுள்ளது. இதில் நாம் உடன்படவில்லை. கடும் ஹொப்ஸும் கருகிய பார்லியும் பல குற்றங்களை மறைத்துவிடும்; மென்பியரில் ஒரு சிறு பழுதும் ஒளிய இடமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே சுவையோடு அதனைக் காய்ச்சுவது மிகக் கடினமான வேலையென்பதைக் கைவினைக்காரர் பலரே ஒப்புக்கொள்வர். ஆயினும் மக்கள் இடும் புள்ளிப் பட்டியல்களின் உச்சியில் நிற்பவை பெரும்பாலும் கரியனவும் கடியனவும் அரியனவுமே.

இச்சோதனைக்கு மது வேண்டியதில்லை. விடுமுறை நாளில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அம்மியில் அரைத்த சம்பலுக்கு ஈடாகுமோ இயந்திரத்தில் அரைத்தது என்பது நம் வீடுகளில் முடிவுறாத வழக்கு. ஒரே தேங்காய், ஒரே மிளகாய், ஒரே உப்பு. அரைப்பது மாத்திரம் வேறு. மூன்று சிறு தட்டுகள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. சுவைப்போர் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். ஒருவர் சொல்லும் விடை அடுத்தவர் காதில் விழாதிருக்கட்டும். தட்டுகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுக. ஐவர் சுவைத்து நால்வரேனும் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர்ந்திருக்க இடம் 243இல் 11 பங்கு, அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவு. ஆச்சியின் பக்கம் தீர்ப்பு என்று எழுதிக்கொள்ளலாம். தட்டுகளை நிரப்புபவர் மாத்திரம் அடுக்களையிலேயே நிற்பாராக. கண்ணைக் கட்டியிருந்தாலும், அவர் தொண்டையைச் செருமும் ஓசையிலிருந்தே விடை கண்டுபிடிக்கும் பேரப்பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு.