காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கு, ஆனா நோய் இல்லை... அது எப்படி?

உங்கள் வகுப்பிலோ வேலையிடத்திலோ ஒருவருக்குக் காசநோய். அவருடன் நீண்ட நேரம் இருந்ததால் உங்களையும் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு 'பாசிட்டிவ்'.

பதற வேண்டாம். அலட்சியமும் வேண்டாம்.

மறைநிலைத் தொற்று என்றால் என்ன?

காசநோய்க் கிருமி காற்றின் வழியாக நுரையீரலுக்குள் போகிறது. பெரும்பாலோரின் நோய் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கிவைக்கிறது. கிருமி சாகாமல் உறங்கிக் கிடக்கலாம். உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்த நிலையில் அறிகுறி இருக்காது. உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. வழக்கம்போல் பள்ளிக்கோ வேலைக்கோ போகலாம்.

அப்புறம் ஏன் கவலை?

சிகிச்சை எடுக்காவிட்டால் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு என்றாவது ஒருநாள் கிருமி விழித்துக்கொண்டு காசநோயாக மாறும். அதில் ஏறக்குறைய பாதி, தொற்றிய முதல் 2 ஆண்டுக்குள். நீரிழிவு, எச்.ஐ.வி, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

2016ஆம் ஆண்டு சிங்கப்பூரின் அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203இல் 6 பேருக்கு, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் இருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களுக்கு நோய் உறுதியானது ஒரே நேரத்தில் அல்ல. 2012க்கும் 2016க்கும் இடையில். காசநோய் அவசரப்படாத நோய். அதனால்தான் நன்றாக இருப்பவர்களையும் பரிசோதிக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இரண்டு வழி உண்டு:

- தோல் பரிசோதனை: முன்கையில் சிறு ஊசி போட்டு, 2, 3 நாள் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி தடுப்பூசியாலும் வீக்கம் வரலாம்.
- ஐ.ஜி.ஆர்.ஏ எனும் ரத்தப் பரிசோதனை: பி.சி.ஜி தடுப்பூசி இதைக் குழப்பாது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. கிருமி உங்கள் உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே அவை சொல்லும். தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று சொல்லாது. அதனால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் சளியையும் சோதிப்பார்கள்.

இந்தப் படி ரொம்ப முக்கியம். மறைநிலைத் தொற்றுக்கு ஓரிரு மருந்து போதும். விழித்துக்கொண்ட நோய்க்குப் பொதுவாக 4 மருந்தில் தொடங்குவார்கள். நோய் இருப்பவருக்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால், கிருமி அதற்குக் கட்டுப்படாமல் போய்விடலாம்.

முதல் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றாலும் மீண்டும் கூப்பிடலாம். தொற்றியது பரிசோதனையில் தெரிய 8 முதல் 10 வாரம் ஆகலாம்.

'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மருந்து?'

நியாயமான கேள்வி. பதில் ஆளுக்கு ஆள் மாறும். அண்மையில் தொற்றியவருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் பலன் அதிகம். வயது கூடக்கூட, மருந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் ஆபத்தும் கூடும். அதையும் மருத்துவர் எடைபோடுவார்.

ஐசோனியசிட் என்றால் 6 அல்லது 9 மாதம். ரிஃபாம்பிசின் என்றால் 4 மாதம். மருந்து எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- மதுவைத் தவிர்த்துவிடுங்கள்.
- ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.
- வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளாவது போன்றவை தெரிந்தால் மருந்தை நிறுத்தி, உடனே மருத்துவரைப் பாருங்கள்.
- உடம்பு நல்லா இருக்கு என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மருந்தை முடித்த பிறகும் ரத்தப் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றே காட்டலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சிகிச்சைச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்டால் காட்டலாம்.

மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். 3 வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய், முன்பே தொற்று இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.