ஐந்தாம் படியில் நிற்கும் கணினி

விராலிமலை முருகன் கோயிலுக்கு ஏற இருநூற்றுச் சொச்சம் படிகள். படிக்கு ஒரு வோல்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் சுமார் 325 வோல்ட்டைத் தொடுகிறது. மலையைவிட ஒன்றரை மடங்கு உயரம்! பழைய கணினியின் சில்லு நிற்பதோ ஐந்தாம் படியில். ஏழாம் படியைத் தாண்டினால் கருகிப்போகும். நாலரைக்குக் கீழே இறங்கினால் கணக்குத் தப்பும். அவ்வளவு உயரத்திலிருந்து மின்சாரத்தைப் பத்திரமாக இறக்கிவிடும் பெட்டிதான் மின்வழங்கி. கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள்.

1984-85இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் 250 பள்ளிகளுக்குக் கணினிகள் கொடுத்தது. வந்தவை இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘பிபிசி மைக்ரோ’ கணினிகள். நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்துக்கே அது போதாது. அப்படியொரு கணினி இன்று பரணிலிருந்து இறங்கி, சுவிட்சைப் போட்டும் பேசாமல் கிடந்தால், “செத்துவிட்டது” என்று தீர்ப்பு எழுத வேண்டாம். மூளை பிழைத்திருக்கும், சோறு போடும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு.

சோறு போடும் அந்த மின்வழங்கி ஒரு சிறிய அதிசயம். எஸ்.எம்.பி.எஸ். வருவதற்கு முன் மின்னழுத்தத்தைக் குறைத்தவை கனத்த இரும்பு மின்மாற்றிகள் (டிரான்ஸ்பார்மர்கள்). நொடிக்கு 50 முறை மட்டுமே ஊசலாடும் மின்சாரத்தை அள்ள அவற்றுக்குப் பெரிய உடம்பு வேண்டியிருந்தது. கிணற்றுக்கு அடிக்கடி போய்வர முடிந்தால் அண்டா எதற்கு, செம்பு போதுமே! எஸ்.எம்.பி.எஸ். முதலில் மின்சாரத்தை 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி இந்த வகைதான். அது அதிகம் சூடாகாது; அதனால்தான் அந்தக் கணினிக்கு மின்விசிறியே தேவைப்படவில்லை.

இனி, நாற்பது ஆண்டில் எது தளர்கிறது? முதல் ஆள் மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர். வெட்டும் வேலையின் இரைச்சல் வீட்டு வயரிங்கில் ஏறி ரேடியோவைக் கரகரக்க வைக்காதபடி, வாசலில் ஒரு காகித மின்தேக்கி காவல் இருக்கும். அதன் பிளாஸ்டிக் உறை வயதாகி விரிசல் விட்டால் காகிதம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஒருநாள் படாரென்று புகை கிளம்பும். வியப்பு என்னவென்றால், அந்தப் புகைக்கு நடுவிலும் கணினி பல நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்!

அடுத்தது, உருளை வடிவ மின்பகு மின்தேக்கி. அதற்குள் அலுமினியத் தாள்மேல் படிந்த ஆக்சைடு படலம்தான் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தடுத்து நிறுத்துகிறது. அதன் தடிமன் தலைமுடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். உள்ளே இருக்கும் திரவம் உலர உலர மின்தேக்கி பலமிழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. நம் ஊர்க் கோடையில் பரண் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தேறிய மெக்கானிக் எடுத்தவுடன் எதையும் மாற்றுவதில்லை; கண்ணால் கேள்வி கேட்கிறார். கண்ணாடி பியூஸ் உள்ளே கரிபிடித்திருந்தால் எங்கோ பலத்த ஷார்ட். கம்பி சுத்தமாக அறுந்திருந்தால் வயதாகியிருக்கலாம். காதுக்கும் வேலை உண்டு. ‘டிக்... டிக்’ என்று சத்தம் வந்தால் மின்வழங்கி எழ முயன்று, ஆபத்தை உணர்ந்து தானே அடங்குகிறது என்று பொருள்.

பிறகு சீரிஸ் பல்பு. 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பைத் தொடரில் கோத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுப்பார். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல சேதி: மின்தேக்கி நிரம்பிவிட்டது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். ஆபத்தைப் பல்பு தன் தலையில் தாங்கிக்கொள்கிறது.

கடைசிச் சோதனையில் கணினியே இருக்காது. பல எஸ்.எம்.பி.எஸ்.கள் சுமை இல்லாமல் சரியாக ஓடாது. அதனால் 5 வோல்ட் கம்பியில் கார் பல்பு ஒன்றைக் கட்டி, மல்டிமீட்டரில் அளப்பார். 5 நிலையாக நின்றால்தான் சில்லுக்குச் சாப்பாடு.

ஓர் எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அனுபவம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் பழைய இரும்புக் கடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சில ரூபாய் மின்தேக்கி ஒன்று மாறினால் போதும், அந்தக் கணினி மறுபடி கண் திறக்கக்கூடும்.