ரயில் போனது, சினிமா வந்தது

ஸில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து 1982-இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படம் (ராம்போ என்றால் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்) கனடாவின் மேற்கே ஹோப் என்ற சிற்றூரைச் சுற்றி எடுக்கப்பட்டது. அருகே கொக்கிஹல்லா ஆற்றங்கரையில் உள்ள ஒதெல்லோ குகைப்பாதைகளும் அதில் இடம்பெற்றன. ரயில்வே கைவிட்ட குகைகள் அவை. பிறகும் சில படக்குழுக்கள் அங்கே போயின.

இருள், ஈரப்பாறை, கீழே சீறும் ஆறு. டைரக்டருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த அழகு, ஓர் என்ஜினீயர் சர்வேயின்போது எடுத்த முடிவால் வந்தது. கெட்டில் வேலி ரயில்வேயின் ஆண்ட்ரூ மெக்கல்லக் தான் அவர். ஆறு அங்கே சுமார் 300 அடி ஆழத்துக்குக் கருங்கல்லை அறுத்து வளைந்தோடுகிறது. அந்த வளைவுகளில் ரயில் திரும்பாது. அவர் நேர்கோடாகவே போனார். பாறை குறுக்கிட்டால் குகை, ஆறு குறுக்கிட்டால் பாலம். பிரம்புக் கூடையில் தொங்கியபடி அளவெடுத்தார் என்பார்கள். ஒரு குகைக்குள் நின்றால் வெளிச்சத்துக்கு அப்பால் அடுத்த குகையின் வாய் தெரிவது இதனால்தான். மனிதர் ஷேக்ஸ்பியர் பிரியர். ஸ்டேஷன்களுக்கு ஒதெல்லோ, லியர், ரோமியோ, ஜூலியட் என்றெல்லாம் பெயரிட்டார்!

1916-இல் ரயில் ஓடியது. பனிச்சரிவும் மண்சரிவும் ஓயவில்லை. 1959 நவம்பரில் பாதை அரித்துப் போனது. 1961-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

ரயில் ஓடுகிற பாதையில் படமெடுப்பது பெரும் தொல்லை. பிளாக் வாங்க வேண்டும். மின்பாதையானால் 25,000 வோல்ட்டை நிறுத்த வேண்டும். நேரம் முடிந்தால், கதாநாயகி பாதி அழுகையில் இருந்தாலும் தண்டவாளத்தைக் காலி செய்தாக வேண்டும். கைவிட்ட குகையில் இந்தக் கெடுபிடி கிடையாது. ஆனால் கேங்மேனும் கிடையாதே!

ஓடும் பாதையில் எங்கள் ஆட்கள் குகைக் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பாறை திடமாக இருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் பிளவு விட்டிருக்கிறது, கடப்பாரையால் பெயர்த்துவிடுவார்கள். ஓரத்து வடிகாலையும் அடைக்கவிடாமல் பார்ப்பார்கள். ஆள் போகாத குகையில் கசியும் நீர் விரிசலை ஆண்டுதோறும் பெரிதாக்கும். குளிர்நாட்டில் அந்த நீர் உறைந்து விரிந்து, ஆப்பு வைத்தாற்போல் பாறையைப் பிளக்கும். காமிராவுக்கு அழகாக மின்னுகிற ஈரச்சுவர்தான் என் போன்றவனுக்கு முதல் எச்சரிக்கை. உங்கள் பிள்ளைகள் பழைய குகை எதிலாவது போட்டோ எடுக்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

ஒதெல்லோ குகைகள் பின்னாளில் அரசுப் பூங்காவில் சேர்ந்தன. ஆகவே கவனிக்க ஆள் இருந்தது, குளிர்காலத்தில் பூட்டியும் வைத்தார்கள். அப்படியிருந்தும் 2021 நவம்பர் வெள்ளம் அங்கே பலத்த சேதம் செய்து, பூங்காவையே மூட வைத்தது. ரயிலை நிறுத்தியதும் ஒரு நவம்பர் வெள்ளந்தான்.